கிரிப்டோ வைத்திருக்கிறேன், யாருக்கெல்லாம் தெரியும்? நீலகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கிரிப்டோ பற்றி வந்த கடிதங்களில் நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்தவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதில் எழுதியிருப்பவர்கள் வரி, சைபர் பாதுகாப்பு, சட்டம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள். "இப்போது வாங்கலாமா, விலை ஏறுமா?" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடைக்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்காகத்தான் இந்தப் பக்கங்கள்.

ஒரு சின்ன விளக்கம். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. எல்லோருக்கும் பழகிப்போன பழைய எண்களையே இங்கே எழுதியிருக்கிறோம். 30 சதவீத வரியும் 1 சதவீத டிடிஎஸ்ஸும் அப்படியேதான் இருக்கின்றன.

குன்னூரிலிருந்து ஒரு வாசகர்: பிட்காயினில் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது என்று நண்பர்கள் சொன்னார்கள். கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சில் கணக்குத் தொடங்கப் போனால் பான், ஆதார், செல்ஃபி, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். அப்புறம் எதில்தான் ரகசியம்?

நண்பர்கள் சொன்னது எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதல் பிளாக் உருவானதிலிருந்து நடந்த ஒவ்வொரு பரிமாற்றமும் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவுச் சங்கிலியில் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கிறது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எப்போது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் இல்லாதது பெயர் மட்டும். பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும் இடம்தான் எக்ஸ்சேஞ்ச். உங்கள் பானுக்கு எதிரே ஒரு முகவரி பதிவாகிவிட்டால், அங்கிருந்து முன்னும் பின்னும் எத்தனை ஆண்டுக் கணக்கை வேண்டுமானாலும் தோண்டலாம்.

எவ்வளவு தூரம் தோண்ட முடியும் என்பதற்கு பிட்ஃபினெக்ஸ் வழக்கைப் பாருங்கள். 2016 ஆகஸ்டில் அந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து 119,754 பிட்காயின் திருடப்பட்டது. ஆயிரக்கணக்கான பரிமாற்றங்களாகச் சிதறடித்து, பல கைகள் மாற்றி, வேறு காயின்களாக்கியும் பார்த்தார்கள். 2022 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அதில் ஏறத்தாழ 94,000 பிட்காயினைக் கைப்பற்றியது. புலனாய்வாளர்கள் சங்கிலியில் தடம் பிடித்து ஒரு தம்பதியிடம் போய் நின்றார்கள். காயினை நகர்த்தத் தேவையான ரகசியச் சாவிகள் இருந்த கோப்பை அந்தத் தம்பதி கிளவுட் சேமிப்பில் வைத்திருந்தார்கள், அது உடைக்கப்பட்டது. ஐந்தரை ஆண்டு கழித்தும் பதிவு அழியாமல் இருந்ததுதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

இனி இந்தியாவில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று சொல்கிறோம். 2023 மார்ச் 7 அறிவிக்கையால் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள், அடுத்தவர் காயினைக் காத்துவைக்கும் வாலட் காப்பாளர்கள் எல்லோரும் கறுப்புப் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டார்கள். மத்திய நிதியமைச்சகத்தின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும், வாடிக்கையாளரின் அடையாள விவரமான கேஒய்சி வாங்க வேண்டும், சந்தேகத்துக்குரிய பரிமாற்றம் தெரிந்தால் அறிக்கை அனுப்ப வேண்டும். அப்படி ஓர் அறிக்கை போனதை உங்களிடம் சொல்லக்கூடாது என்பதும் விதி. அதனால் "என் மேல் ரிப்போர்ட் போயிருக்கா?" என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்பதில் பயனில்லை. கணினி அவசரகால மீட்புக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி கேஒய்சியையும் பரிமாற்றப் பதிவுகளையும் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் போதாதென்று, 2026 ஏப்ரல் 1 முதல் எக்ஸ்சேஞ்சுகள் வாடிக்கையாளர்களின் கிரிப்டோ பரிமாற்ற விவரத்தை வருமான வரித் துறைக்கும் தர வேண்டும்.

சுருக்கமாக, அரசுக்குத் தெரியாமல் இருக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தாருக்கும் திருடனுக்கும் தெரியாமல் வைத்துக்கொள்வது இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதற்கான வழிகள் கீழே வேறு கேள்விகளில் வருகின்றன.

கூடலூரிலிருந்து ஒரு வாசகர்: எக்ஸ்சேஞ்சின் பி2பி பகுதியில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் இடத்தில், டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் காயினான யுஎஸ்டிடியை விற்றேன். ரூ.42,000 யுபிஐயில் வந்தது. சில வாரம் கழித்து வங்கிக் கணக்கு மொத்தமாக முடங்கிவிட்டது. வேறு மாநில சைபர் போலீஸ் சொன்னதாக வங்கியில் கைவிரிக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்கான பணமும் இதே கணக்கில்தான் வருகிறது. என்ன செய்ய?

முதலில் ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அப்போதுதான் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியும். எங்கோ ஒருவர் ஆன்லைன் மோசடியில் பணம் இழக்கிறார், 1930 எண்ணில் புகார் செய்கிறார். அவர் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனது என்று அடுக்கடுக்காகத் தொடர்கிறார்கள். முதல் கணக்கு, இரண்டாவது, மூன்றாவது என்று போய் உங்கள் கணக்கில் நிற்கிறது. திருடன் அந்த ரூபாயைக் கொடுத்து உங்களிடம் யுஎஸ்டிடி வாங்கிக்கொண்டு போய்விட்டான். காயின் அவனிடம், கறைபட்ட ரூபாய் உங்களிடம். புகார் எண்ணை வைத்துப் போர்ட்டலில் கோரிக்கை வந்ததும் வங்கி பூட்டிவிடுகிறது. நீங்கள் குற்றவாளி என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் நிரூபிக்கும் சுமை நடைமுறையில் உங்கள் தலையில்தான் விழுகிறது.

வங்கிக் கிளையில் வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதிக் கொடுங்கள். நான்கு விவரம் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், கோரிக்கை அனுப்பிய காவல் நிலையமும் அதன் மின்னஞ்சலும், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு, முழுக் கணக்கையும் முடக்கச் சொன்னார்களா, அந்தத் தொகையை மட்டும் நிறுத்தச் சொன்னார்களா. கடைசி விவரம் முக்கியம். தொகைக்கு மட்டும் லியன் (நிறுத்திவைப்பு) போடச் சொல்லியிருந்தும் கிளையில் கணக்கையே பூட்டிவிடுவது நடக்கிறது. அப்படியென்றால் போலீஸிடம் போகும் முன்பே வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் முடிந்துவிடும்.

அடுத்தது ஆவணம். பி2பி ஆர்டர் எண், ஆர்டர் முழுமையடைந்த பக்கத்தின் படம், வாங்கியவருடன் நடந்த அரட்டை, எக்ஸ்சேஞ்சில் அவர் பெயராகத் தெரிந்தது, அந்த நாளின் வங்கி அறிக்கை, அந்த யுஎஸ்டிடியை நீங்கள் முதலில் எப்படி வாங்கினீர்கள் என்பதற்கான பதிவு, உங்கள் பான். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். அரட்டைப் பதிவு சில எக்ஸ்சேஞ்சுகளில் கொஞ்ச நாளில் மறைந்துவிடும், இன்றே எடுத்துவிடுங்கள்.

விசாரணை அதிகாரிக்குப் போகும் மின்னஞ்சல் நீளமாக இருக்கக்கூடாது. இந்த அளவு போதும்: "மேற்கண்ட புகார் எண் தொடர்பாக என் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. குறிப்பிட்ட தேதியில் வந்த ரூ.42,000, இன்ன எக்ஸ்சேஞ்சில் இன்ன ஆர்டர் எண்ணில் யுஎஸ்டிடி விற்றதற்கான தொகை. வாங்கியவரின் முழு கேஒய்சி அந்த எக்ஸ்சேஞ்சிடம் உள்ளது. அதன் சட்டத் தொடர்பு அதிகாரியிடம் தாங்கள் கேட்டுப் பெறலாம். விசாரணைக்கு ஒத்துழைக்கிறேன். ரூ.42,000 மட்டும் நிறுத்திவைத்து மீதத் தொகையை விடுவிக்க வங்கிக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்." வேறு மாநிலம் என்பதால் ஆங்கிலத்திலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி போகட்டும். வாங்கியவரின் கேஒய்சியை எக்ஸ்சேஞ்ச் உங்களுக்குத் தராது, போலீஸ் கேட்டால் தரும். அதனால்தான் அந்த வரி.

நாள் கடந்தும் பதில் இல்லையென்றால் நீதிமன்றம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி சொத்தைக் கைப்பற்றும் அதிகாரி அதை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்திருக்கிறாரா என்று உங்கள் வழக்கறிஞர் முதலில் பார்ப்பார். விடுவிக்கக் கோரும் மனு 503-வது பிரிவின் கீழ் போகும். மனு போட வேண்டியது வழக்கு இருக்கும் ஊரில் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு இன்னொரு வழி. தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்கிவைப்பது வாழ்வாதாரத்தைப் பாதிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் ஒரு வழக்கில் கண்டித்து, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கை இயக்க அனுமதித்தது. வழக்கறிஞரிடம் இதைக் குறிப்பிடுங்கள்.

"முப்பதாயிரம் கொடுங்கள், ஒரே நாளில் அன்ஃப்ரீஸ் பண்ணித் தருகிறோம்" என்று டெலிகிராமில் வருபவர்களுக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.

இன்னும் முடங்காதவர்களுக்கு: எங்கள் கருத்தைக் கேட்டால் பி2பியே வேண்டாம் என்போம். செய்தே தீருவீர்கள் என்றால் இலைப் பணமோ சம்பளமோ ஓய்வூதியமோ வராத தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் வங்கிக் கணக்கின் பெயரும் எக்ஸ்சேஞ்சில் சரிபார்க்கப்பட்ட பெயரும் ஒன்றாக இல்லையென்றால் காயினை விடுவிக்காமல் ஆர்டரைத் தகராறுக்கு அனுப்புங்கள். "தம்பி கணக்கிலிருந்து போடுகிறேன்" என்பதுதான் மாட்டிவிடும் வாசகம். பணம் வந்ததா என்று எஸ்எம்எஸ்ஸையோ அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டையோ பார்த்து முடிவு செய்யாமல், வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். சந்தை விலையை விட மூன்று நான்கு ரூபாய் அதிகம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த அதிகப் பணம் ஏன் என்று யோசியுங்கள்.

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி: ஒரு காயினில் லாபம், இன்னொன்றில் நஷ்டம். கூட்டிக் கழித்தால் கையில் நின்றது 5,000 ரூபாய்தான். இதற்கும் வரி உண்டா? எனக்கு வேறு வருமானமே இல்லை.

உண்டு, அதுவும் நீங்கள் நினைப்பதை விட அதிகம். நீங்கள் எழுதிய கணக்கையே போடுவோம். முதல் காயின் ரூ.80,000-க்கு வாங்கி ரூ.1,10,000-க்கு விற்றீர்கள், லாபம் 30,000. இரண்டாவது 60,000-க்கு வாங்கி 35,000-க்கு விற்றீர்கள், நஷ்டம் 25,000. 115பிபிஎச் பிரிவின்படி ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. ஆகவே 30,000-க்கு 30 சதவீதம் 9,000, அதன் மேல் 4 சதவீத செஸ் 360, மொத்தம் 9,360. விற்றபோது பிடித்த 1 சதவீத டிடிஎஸ் 1,100-ம் 350-ம் சேர்ந்து 1,450. அதைக் கழித்தால் இன்னும் கட்ட வேண்டியது 7,910. சம்பாதித்தது 5,000, வரி 9,360. கைநஷ்டம் 4,360. இதை நியாயம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை, ஆனால் சட்டம் இதுதான். வேறு வருமானம் இல்லை என்று சொல்லி அடிப்படை விலக்கு வரம்பை இதற்கு எதிராகக் காட்டவும் முடியாது. எக்ஸ்சேஞ்ச் கட்டணம், இணையச் செலவு எதையும் கழிக்கக்கூடாது. வாங்கிய விலை மட்டும்தான்.

பலர் கோட்டைவிடும் இடம் காயினுக்குக் காயின் மாற்றுவது. பிட்காயினைக் கொடுத்து ஈத்தர் வாங்கினால் ரூபாய் கைக்கு வரவில்லை என்றாலும் பிட்காயினை விற்றதாகத்தான் கணக்கு. சொந்த வாலட்டுக்கு நகர்த்துவது விற்பனை ஆகாது. கணக்குத் தாக்கல் ஐடிஆர்-2 அல்லது 3-ல், விடிஏ (மெய்நிகர் டிஜிட்டல் சொத்து) அட்டவணையில் ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, விலைகளுடன். ஐடிஆர்-1 படிவத்தில் இதற்கு இடமே இல்லை. டிடிஎஸ் பிடித்த தொகை ஏற்கெனவே உங்கள் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் ஏறியிருக்கும். நீங்கள் காட்டாவிட்டால் பொருத்தம் பார்க்கும் கணினிக்கு ஒரு நொடி வேலை.

முந்தைய ஆண்டுகளில் விட்டுவிட்டிருந்தால் புதுப்பித்த கணக்கு என்ற வழி உண்டு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை தாக்கல் செய்யலாம். வரியும் வட்டியும் போக, முதல் 12 மாதத்துக்குள் என்றால் அவற்றின் மேல் 25 சதவீதம் கூடுதல். பின்னர் 50, 60, 70 என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறும்.

ஊட்டியில் ஹோம்ஸ்டே நடத்தும் வாசகர்: வெளிநாட்டு விருந்தினர்கள் சிலர் யுஎஸ்டிடியில் வாடகை தரட்டுமா என்கிறார்கள். கமிஷன் இல்லை, உடனே வந்துவிடும். வாங்கலாமா?

வேண்டாம். வெளிநாட்டவரிடம் பணம் பெற, அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவுக்கு உட்பட்ட வழிகள் வங்கி, கார்டு, அனுமதி பெற்ற பணமாற்று முகமை ஆகியவை. அந்த வரிசையில் கிரிப்டோ இல்லை. வரியிலும் இரட்டை வேலை: வந்த நாளின் ரூபாய் மதிப்பு உங்கள் தொழில் வருமானம், பின்னால் அதை விற்கும்போது விலை ஏறியிருந்தால் அந்த ஏற்றத்துக்குத் தனியாக 30 சதவீதம். கடிதத்தில் நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு உங்கள் வாலட் முகவரியைக் கொடுத்தால், அந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது, இதுவரை யார் யார் அனுப்பினார்கள், நீங்கள் எங்கே அனுப்பினீர்கள் எல்லாவற்றையும் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம். அவர் உங்கள் வீட்டு மாடியில்தான் தங்கியிருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் இருப்பு யாருக்கும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் வங்கி கிரிப்டோவை விட அந்தரங்கமானது. யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனம் எந்த முகவரியில் இருக்கும் யுஎஸ்டிடியையும் தன் விருப்பப்படி முடக்க முடியும் என்பதும் பலருக்குத் தெரியாது.

விருந்தினருக்கு ரூபாயில் கட்ட வசதி வேண்டுமென்றால், இந்திய வங்கிக் கணக்கோ இந்திய சிம்மோ இல்லாத பயணிகளுக்காகவே யுபிஐ ஒன் வேர்ல்டு என்ற வாலட் இருக்கிறது. அவருடைய கார்டிலிருந்து நிரப்பிக்கொண்டு உங்கள் க்யூஆர் பலகையில் ஸ்கேன் செய்யலாம்.

அந்தரங்கம் பற்றிப் பேச்சு வந்ததால்: உள்நாட்டு விருந்தினர்களிடம் முழு ஆதார் நகல் வாங்கி மேசை டிராயரில் அடுக்கிவைக்கும் பழக்கம் மலையில் பல விடுதிகளில் உண்டு. முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை யுஐடிஏஐ தளத்திலேயே தரவிறக்கலாம், அதைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தவர் பெயரில் எக்ஸ்சேஞ்ச் கணக்குத் திறப்பவர்களுக்கு முழு ஆதார் நகல் நல்ல தீனி.

மஞ்சூரிலிருந்து ஒரு வாசகர்: எக்ஸ்சேஞ்ச் ஹேக் ஆனால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். சொந்த ஹார்டுவேர் வாலட் வைத்துக்கொள்வது சட்டப்படி சரியா? இங்கே மழைக்காலத்தில் சிக்னலும் இருக்காது, கரண்டும் இருக்காது.

சரிதான். ஹார்டுவேர் வாலட் என்பது காயினுக்கான சாவியை உங்களிடமே வைத்திருக்கும் சிறு கருவி. சொந்த வாலட்டைத் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே எடுக்கும்போது எந்த முகவரிக்கு, அது யாருடையது என்று கேட்பார்கள். "என்னுடையது" என்று உண்மையைச் சொல்லுங்கள். பரிமாற்ற எண்ணையும் அன்றைய தேதியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு கழித்து விற்கும்போது வாங்கிய விலையை நிரூபிக்க அதுதான் ஆதாரம்.

வாலட்டை முதலில் இயக்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் திரையில் வரும். கருவி தொலைந்தாலும் இந்தச் சொற்கள் இருந்தால் பணம் உண்டு. சொற்களை இழந்து கருவியும் கெட்டால் யாராலும் மீட்க முடியாது. கருவியுடன் வரும் அட்டையில் பேனாவால் எழுதிப் பீரோவில் வைப்பது சமவெளியில் சரிப்பட்டு வரலாம். குந்தா பக்கம் ஒரு மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்தால் அட்டை பூசணம் பிடிக்கும், ஜெல் பேனா மை பரவிவிடும். இரண்டு வழி சொல்கிறோம். மலிவானது: பென்சிலால் எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகாத ஜிப் பையில் போட்டு, ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். நீடிப்பது: துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் எழுத்து அச்சுகளால் சுத்தியல் வைத்து அடித்துவிடுங்கள். எல்லா எழுத்தும் அடிக்கத் தேவையில்லை. இந்தச் சொற்கள் 2,048 சொல் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருபவை. அதில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. நான்கு எழுத்து அடித்தால் போதும். வரிசை எண்ணையும் மறக்காமல் அடியுங்கள். தகட்டுப் பட்டறையில் கொடுத்து அடிக்கச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

போனில் படம் எடுக்காதீர்கள். அது தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். மேலே சொன்ன பிட்ஃபினெக்ஸ் சாவிகள் எங்கே சிக்கின என்று ஞாபகம் இருக்கட்டும்.

பணத்தை அனுப்பும் முன் ஒத்திகை பாருங்கள். சின்னத் தொகை அனுப்பி, கருவியை அழித்து, சொற்களை வைத்து மீட்டு, இருப்பு தெரிகிறதா என்று பார்த்த பிறகே மீதியை அனுப்ப வேண்டும். தவறு அதிகம் நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, நெட்வொர்க்: டிரான் சங்கிலியில் இருக்கும் யுஎஸ்டிடியை ஈத்தரியம் சங்கிலிக்கான முகவரிக்கு அனுப்ப நினைப்பது, டிரானில் நகர்த்தக் கட்டணத்துக்கு அந்தச் சங்கிலியின் சொந்தக் காயினான டிஆர்எக்ஸ் கொஞ்சம் வேண்டும் என்பதை மறப்பது. இரண்டு, முகவரி: முதல் நான்கும் கடைசி நான்கும் உங்கள் முகவரி போலவே இருக்கும் போலி முகவரியிலிருந்து ஒரு சில்லறைத் தொகையை அனுப்பிவைப்பார்கள். பழைய பட்டியலிலிருந்து நகலெடுக்கும்போது அது சிக்கினால் பணம் போனது போனதுதான். நடு எழுத்துகளையும் ஒப்பிடுங்கள்.

சிக்னல் விஷயம்: எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு எஸ்எம்எஸ் ஓடிபியை விட ஆதென்டிகேட்டர் செயலி உங்களுக்கு இரட்டிப்பு நல்லது. 30 நொடிக்கு ஒரு முறை மாறும் அந்த எண் போனுக்குள்ளேயே உருவாகிறது, டவர் தேவையில்லை. போனின் நேரம் தப்பாக இருந்தால் மட்டும் எண் ஏற்காது. நேரத்தைத் தானியங்கியில் விடுங்கள். உங்கள் சிம்மை வேறொருவர் மாற்றி எடுத்தாலும் இதை அவரால் பெற முடியாது.

வெலிங்டனிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்: கள்ளப் பணத்தைப் பிடிக்கட்டும், நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒழுங்காக வரி கட்டுபவன் ஒவ்வொரு ரூபாயையும் எதற்குச் செலவழித்தான் என்று அரசு பார்த்துக்கொண்டே இருக்கலாமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே?

சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த உரிமையில் அரசு கைவைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், கைவைக்கும் அளவு நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முதல் இரண்டும் கிரிப்டோ விஷயத்தில் இருக்கின்றன. மூன்றாவதில்தான் எங்களுக்கும் சந்தேகம்.

ஏனென்றால் பார்க்கும் கண்கள் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன, பார்ப்பவரைக் கேள்வி கேட்கும் வழி கூடவில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவே குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் விலக்கு தருகிறது. மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு மொத்த விலக்கும் உண்டு. நிதி நுண்ணறிவுப் பிரிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா என்றால், அது இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்ற அமைப்பு. புதிய வருமான வரிச் சட்டத்தின் 247-வது பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட சோதனையின்போது கடவுச்சொல்லைக் கடந்து மின்னஞ்சல், கிளவுட், ஆன்லைன் வர்த்தகக் கணக்குகளுக்குள் போகும் அதிகாரத்தைத் தருகிறது. பழைய சட்டத்தில் பூட்டை உடைக்கும் அதிகாரம் இருந்தது, இப்போது அது போனுக்குள்ளும் வந்துவிட்டது. பீரோவில் நகையும் பத்திரமும் இருக்கும். போனில் இருபது வருடக் கடிதம், டாக்டர் சீட்டு, குடும்பச் சண்டை எல்லாம் இருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைத்ததுதான் எங்கள் ஆட்சேபம்.

மறுபக்கம், முதலீட்டாளரைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இன்னும் இல்லை. 2021 குளிர்காலக் கூட்டத்தொடருக்குப் பட்டியலிட்ட கிரிப்டோ மசோதா தாக்கலே ஆகவில்லை. 2018-ல் வங்கிகள் கிரிப்டோ பக்கம் போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையை 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு வரி வந்தது, கண்காணிப்பு வந்தது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடுபோனபோது வாடிக்கையாளர்கள் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். அந்த வகையில் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு முக்கியமானது. கிரிப்டோ ஒரு சொத்து, அதை உடைமையாக வைத்திருக்கவும் ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் காத்துவைக்கவும் முடியும் என்றார். எக்ஸ்சேஞ்ச் முடக்கிவைத்த காயினுக்காக வழக்குப் போடுபவர்களுக்கு இது ஊன்றுகோல்.

நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியது: பயன்படுத்தாத எக்ஸ்சேஞ்ச் கணக்கை மூடுங்கள். கேஒய்சி ஐந்து ஆண்டு அங்கேயே இருக்கும் என்றாலும் புதிதாகச் சேராது. அதற்குமுன் பரிமாற்ற அறிக்கையை முழுவதும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். செயலிக்குத் தொடர்புப் பட்டியல், எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்திருந்தால் திரும்பப் பெறுங்கள். அதைக் கேட்கச் சொல்லி எந்தச் சட்டமும் அவர்களிடம் சொல்லவில்லை.

கோத்தகிரியிலிருந்து கல்லூரி மாணவர்: மிக்சர் அல்லது மொனீரோ பயன்படுத்தினால் தடமே இருக்காதாமே?

மிக்சர் என்பது பலரின் காயினைக் கலந்து தடத்தைக் குழப்பும் சேவை, மொனீரோ மறைவுக்காகவே உருவான காயின். மொனீரோ சங்கிலியில் அனுப்பியவர், பெற்றவர், தொகை மூன்றும் மறைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் ரூபாயாக்க நீங்கள் கடைசியில் ஓர் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் வர வேண்டும். மிக்சர் வழியாக வந்த காயின் என்று தெரிந்தால் அங்கே நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், பதில் திருப்தியில்லை என்றால் மேலே அறிக்கை போகும். டொர்னாடோ கேஷ் என்ற மிக்சரை அமெரிக்கா 2022 ஆகஸ்டில் தடைப்பட்டியலில் சேர்த்தது. மாறாத மென்பொருளைச் சொத்தாகக் கருதித் தடைவிதிக்க முடியாது என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகு 2025 மார்ச்சில் நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 ஜூலை 10 முதல் கிரிப்டோ நிறுவனங்கள் மொனீரோ போன்ற காயின்களைக் கையாளவே கூடாது. சம்பளத்தையும் சேமிப்பையும் அக்கம்பக்கம் பார்க்கக்கூடாது என்பது நியாயமான ஆசை. அதற்கு ஒவ்வொரு வரவுக்கும் புது முகவரி என்ற அளவே பெரும்பாலும் போதும். நல்ல வாலட்டுகள் அதைத் தானாகவே செய்கின்றன.

குன்னூரிலிருந்து இன்னொரு வாசகர்: வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்தால்?

2023 டிசம்பரில் பதிவு செய்யாத ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் போய், அவற்றின் தளங்கள் முடக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான பைனான்ஸ் (Binance) ரூ.18.82 கோடி அபராதம் விதிக்கப்பட்டு, பதிவு செய்து திரும்பி வந்தது. பணம் வைத்திருக்கும் தளம் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். ஐடிஆரில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையிலும் காட்டிவிடுவது பாதுகாப்பு. பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடியின் கிரிப்டோ அறிக்கை ஏற்பாட்டின்படி 2027 ஏப்ரலிலிருந்து நாடுகள் இந்த விவரங்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வதில் இந்தியாவும் சேர்கிறது.

ஊட்டி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் வாசகர்: ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாய், நோட்டு மாதிரியே அந்தரங்கமானது என்கிறார்களே?

2022 டிசம்பர் 1 முதல் சில்லறைப் பயன்பாட்டுக்குச் சோதனை முறையில் இருக்கிறது. நோட்டு போலவே 50, 100, 500 என்று மதிப்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் வாலட் உங்கள் வங்கி தருவது, உங்கள் பெயரிலும் போன் எண்ணிலும் இருப்பது. நோட்டுக்கு இணையான மறைவை உறுதிசெய்யும் சட்டம் எதுவும் இல்லை. காரட், முட்டைக்கோஸ் வியாபாரத்துக்கு ரொக்கம் தாராளமாக வாங்கலாம். ஒரே நபரிடமிருந்து ஒரு நாளில் அல்லது ஒரே வியாபாரத்துக்கு ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். சேமிப்புக் கணக்கில் ஓர் ஆண்டில் ரூ.10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். வியாபாரப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் கட்டாமல் நடப்புக் கணக்குத் திறந்துகொள்ளுங்கள்; அங்கே இந்த வரம்பு ரூ.50 லட்சம்.